எந்த சேனாவுக்குப் போட, அண்ணாச்சி?

செம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே காலை ஆறு மணிக்கெல்லாம் ஓர் இட்லிக்காரர் சைக்கிளை நிறுத்திவிடுவார். பின்னால் அலுமினிய டப்பா, அதன்மேல் சட்னி வாளி, கைப்பிடியில் ரப்பர் ஹார்ன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாஷி நாகாவில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருக்கிறார். 2024 நவம்பரில், சட்டமன்றத் தேர்தலுக்கு நாலைந்து நாள் இருந்தபோது, பொட்டலம் மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ரெண்டு பக்கமும் சிவசேனாதான் நிக்கி. எந்த சேனாவுக்குப் போட, அண்ணாச்சி?” நான் யோசிப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார்: “எவனுக்குப் போட்டாலும் கடைசியில எல்லாவனும் ஒண்ணாத்தான் போய்ச் சேருதான். நான் அன்னைக்கு ஏவாரத்தப் பாக்கேன்.”

சொன்னபடியே செய்தார். தேர்தல் நாளன்று அவர் விரலில் மை இல்லை.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. செம்பூர் வாக்காளருக்கு நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் வராது. 2019 மக்களவைத் தேர்தலில் தென்மத்திய மும்பைத் தொகுதி ராகுல் ஷெவாலேவைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் செம்பூர் சட்டமன்றத் தொகுதி பிரகாஷ் ஃபாதர்பேகரைத் தேர்ந்தெடுத்தது. இருவரும் சிவசேனா, கட்சி அப்போது பாஜகவோடு கூட்டணியில் இருந்தது. ஒரு மாதம் போவதற்குள் கூட்டணி உடைந்தது. நவம்பர் 23 அன்று விடியற்காலையில் பாஜகவின் பட்னவிஸும் தேசியவாத காங்கிரஸின் அஜித் பவாரும் பதவியேற்றார்கள். அந்த ஆட்சி நாலு நாள்கூடத் தாங்கவில்லை. பிறகு, எந்தக் காங்கிரஸை எதிர்த்து வாக்குக் கேட்டதோ அதனோடு சேர்ந்து சிவசேனா ஆட்சி அமைத்தது. 2022 ஜூனில் சிவசேனாவே ஏக்நாத் ஷிண்டே பக்கம், உத்தவ் தாக்கரே பக்கம் என்று இரண்டாகப் பிளந்தது. செம்பூர்க்காரர் அனுப்பிய எம்.பி. ஷிண்டே பக்கம் போனார், எம்.எல்.ஏ. உத்தவ் பக்கம் நின்றார். மறு ஆண்டு ஜூலையில் தேசியவாத காங்கிரஸும் பிளந்தது. ஒருமுறை பொத்தானை அழுத்தியவர் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு எதிரெதிர் ஆட்சிகளுக்குச் சம்மதம் சொன்னவராக ஆக்கப்பட்டார். அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2024-இல் பெயருக்குக் கட்சிகள் ஆறு. ஆனால் பாஜக பக்கத்து ‘மகாயுதி’, காங்கிரஸ் பக்கத்து ‘மகா விகாஸ் அகாடி’ என்ற இரண்டு மூட்டைகளில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது. ஒரு வாக்கு அதிகம் வாங்கியவரே வென்றவர் என்ற முறை இருக்கும் இடத்தில் போட்டி கடைசியில் இரண்டு பக்கமாகச் சுருங்கும் என்று மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் எழுபது ஆண்டுக்கு முன்பே எழுதினார். தமிழ்நாட்டுக்காரருக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1967 முதல் 2021 வரை அங்கே ஆட்சிக்கு வந்தவை இரண்டு கழகங்கள்தான். ஊரில் ஒன்றின்மீது வெறுப்பு வந்தால் மற்றதற்குப் போட்டுவிட்டு வருவார்கள். மும்பையில் இரண்டு மூட்டைக்குள்ளும் அதே சரக்கு கிடக்கிறது. அதுதான் இட்லிக்காரர் கேட்ட கேள்வியின் கனம்.

தமிழருக்கு அதில் இன்னொரு முள்ளும் உண்டு. 1966 ஜூன் 19 அன்று தொடங்கப்பட்ட சிவசேனாவின் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ் பட்டியல் போட்டு அச்சிட்டது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் அன்று கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வாக்காளர்கள். அவர்களில் பலர் 2024 மே மாதம் உத்தவ் பக்க வேட்பாளர் அனில் தேசாய்க்கு மனமாரப் போட்டார்கள். பழையதை மறந்துவிடலாம், கட்சி மாறிவிட்டது என்று நம்பினார்கள். தேசாய் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஷெவாலேவை வென்றார். ஆனால் 2025 டிசம்பரில் உத்தவும் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவின் ராஜ் தாக்கரேயும் கைகோத்தார்கள். 2026 ஜனவரியில் மாநகராட்சித் தேர்தல் பிரச்சாரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பாஜகவின் அண்ணாமலை வந்து, மும்பை உலக நகரம், மகாராஷ்டிரத்துக்கு மட்டும் உரியதல்ல என்ற பொருளில் பேசினார். சிவாஜி பார்க் மேடையில் ராஜ் தாக்கரே அவர் பெயரை ‘ரசமலாய்’ என்று திரித்தார். லுங்கியைக் கழற்றச் சொல்லும் அந்த அறுபது ஆண்டுப் பழைய கோஷத்தையும் மறுபடி எடுத்தார்.

அன்று இரவு எங்கள் கட்டடத்தில் ஒரு மாமி வெகுநேரம் தூங்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். சிறுமியாக மாட்டுங்காவில் கேட்ட அந்தக் கோஷத்தைத் தொலைக்காட்சியில் மறுபடி கேட்டதாகச் சொன்னார். “இவாளுக்கும் போட முடியாது. அவாளுக்குப் போடவும் மனசு வரலை” என்றார். மறுபக்கத்தையும் அவர் ஆராய்ந்துதான் பார்த்திருந்தார். தன்னைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்பவர்கள் தேர்தல் முடிந்த மறுநாள் யாரோடு சேருவார்கள் என்று அவருக்கு நிச்சயமில்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதே மாதம் பக்கத்து அம்பர்நாத் நகராட்சியில் ஷிண்டே அணியைத் தள்ளிவைக்க பாஜகவும் காங்கிரஸும் சேர்ந்துகொண்டன. காங்கிரஸ் தன் உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தது. அவர்கள் பாஜகவிலேயே சேர்ந்துவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாக்களியுங்கள் என்று சொல்ல ஒருவனுக்கு என்ன தகுதி? என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 20 அன்று நான் வாக்களிக்கவில்லை. மறதியாலும் அல்ல, உடல்நலக் குறைவாலும் அல்ல. தேர்தல் தேதி தெரிந்தபிறகுதான் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன். மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, மும்பைத் தமிழர் பாதிப்பேர் ஊரில்தான் இருப்பார்கள்; யாரும் கேட்கமாட்டார்கள். வாக்களிக்காமல் இருப்பது ஒரு நேர்மையான செயல் என்றே அப்போது நினைத்தேன். இரண்டு பக்கமும் என்னை ஏமாற்றியிருக்க, என் கையெழுத்தை எதற்கு அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்?

ஜூன் 4 அன்று ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து முடிவுகளைப் பார்த்தேன். வடமேற்கு மும்பைத் தொகுதியில் ஷிண்டே அணியின் ரவீந்திர வாய்க்கர் 4,52,644 வாக்குகள். உத்தவ் அணியின் அமோல் கீர்த்திகர் 4,52,596. வித்தியாசம் 48. பக்கத்தில் இருந்த பெரியவர், “எங்க ராதாபுரத்துல 49” என்றார். 2016-இல் ராதாபுரத்தில் அப்பாவு இன்பதுரையிடம் 49 வாக்கில் தோற்றதை அந்தப் பக்கத்தார் யாரும் மறக்கவில்லை. மீட்டர் கேஜ் காலத்திலிருந்து ராதாபுரம் பக்கத்து இளைஞர்கள் வண்டி ஏறி வந்து சேர்ந்த ஊர் மும்பை. 48, 49 என்பதெல்லாம் எங்கள் கட்டடத்தின் ஒரு தளத்து வாக்கு. எங்கள் தொகுதியில் முடிவு அவ்வளவு நெருக்கமாக இல்லை, என் ஒரு வாக்கால் அங்கே எதுவும் மாறியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் முடிவு நெருக்கமாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு எவரும் வீட்டில் தங்குவதில்லை. கோரேகாவிலும் ஜோகேஸ்வரியிலும் அன்று தங்கியவர்களுக்கும் தெரியாது.

தமிழர் வரலாற்றில் இதற்குப் பெரிய, வலிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. அதை எழுதும்போது கை தயங்குகிறது. 2005 நவம்பர் 17, இலங்கை ஜனாதிபதித் தேர்தல். ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் ரணில் விக்கிரமசிங்க. இருவரில் யார் வந்தாலும் தமிழருக்கு ஒன்றுதான் என்ற சொல் வடக்கெங்கும் பரவியது. புலிகளின் புறக்கணிப்பும் அதன் பின்னால் இருந்த அச்சமும் சேர்ந்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். பதிவானது 1.2 சதவீதம். ராஜபக்ச வென்ற வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். அதன்பின் நாலு ஆண்டுக்குள் என்ன நடந்தது என்பதைத் தமிழருக்கு எழுதிக்காட்டத் தேவையில்லை. ரணில் வந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நேர்ந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அன்று வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் விரும்பி இருந்ததாகவும் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற வாக்கியத்தை யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு அந்த 1.2 நினைவுக்கு வருகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதே மக்கள் பத்தாண்டு கழித்துச் செய்தது. 2015 ஜனவரி 8. ராஜபக்சவை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேன, சில வாரங்கள் முன்புவரை அதே ராஜபக்சவின் அமைச்சரவையில் இருந்தவர். போர் நடந்தபோதும் அரசில் இருந்தவர். அவரை நேசிக்கத் தமிழருக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தும் வடக்கும் கிழக்கும் திரண்டுபோய் அவருக்குப் போட்டன. நல்லவர் என்று எண்ணிப் போடவில்லை. இவரை எதிர்த்துப் பேச முடியும், அவரை எதிர்த்துப் பேசவே முடியாது என்று எண்ணிப் போட்டார்கள். ராஜபக்ச தோற்றார். அந்த ஆண்டே பத்தொன்பதாவது திருத்தம் வந்து ஜனாதிபதியின் அதிகாரம் குறைந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளில் ஒரு பகுதி திரும்பியது. 2016 சுதந்திர தினத்தில் தேசியகீதம் தமிழிலும் பாடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அதற்குப் பிறகும் தெருவோரத்தில் உட்கார வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. ஆனாலும் தெருவோரத்தில் உட்கார முடிந்தது.

செம்பூரின் கவலைகளை ஈழத்தின் துயரத்தோடு ஒப்பிடவில்லை. எடுத்துக்கொள்வது, யாரை எதிர்த்துப் பேச முடியும் என்ற அந்தக் கேள்வியை மட்டும்தான். ‘யார் நல்லவர்’ என்று கேட்டால் நம் மாமி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதுதான். ‘யார் ஜெயித்தால் நாளைக்கு நான் அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம்போட முடியும்’ என்று கேட்டால் பதில் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சிலருக்கு அது ஒரு கட்சியாக இருக்கும், பக்கத்து வீட்டாருக்கு மற்றதாக இருக்கும். அடுத்த தொகுதியான சயான் கோலிவாடாவில் கேப்டன் தமிழ்ச்செல்வன் பாஜக சார்பில் மூன்று முறை தொடர்ந்து வென்றிருக்கிறார். தாராவியில் காங்கிரஸின் கெய்க்வாட் குடும்பத்துக்குத் தலைமுறையாகப் போடும் தமிழர் தெருக்களும் உண்டு. மும்பைத் தமிழர் எல்லாரும் ஒரு கட்சிக்குப் போட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. போடாதவர்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

ஏனென்றால், வாக்களிக்காதவரின் கோபத்தைக் கட்சிகள் கோபமாகப் படிப்பதில்லை. தேர்தல் நாளில் சாவடிக்குள் உட்காரும் ஏஜெண்டைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் வாக்காளர் பட்டியல், ஒரு ஸ்கேல், சிவப்புப் பேனா. அதிகாரி பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கப் படிக்க ஸ்கேலை வைத்து ஒரு கோடு. எந்தச் சந்தில் கோடு அதிகம், எந்தக் கட்டடத்தில் வெள்ளையாகவே கிடக்கிறது என்று அதில் தெரியும். எண்ணி முடித்தபின் சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று தேர்தல் ஆணையம் படிவம் 20-இல் வெளியிடுகிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். உங்கள் ஆயிரம் பேர் சாவடியில் எத்தனை பேர் வரவில்லை என்பது ரகசியம் அல்ல. அடுத்த ஐந்து ஆண்டுக்கு எந்தச் சாக்கடையை முதலில் தூர்வாருவது, எந்தச் சந்துக்குத் தண்ணீர் லாரி அனுப்புவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்தக் கணக்கும் இருக்கும். வெள்ளையாகக் கிடக்கும் கட்டடம் அதில் விரக்தியடைந்த கட்டடமாகத் தெரியாது. அதற்காக யாரும் மெனக்கெட வேண்டாம் என்றுதான் தெரியும்.

நோட்டா? அதை நான் மதிக்கிறேன். மறைந்த பத்திரிகையாளர் ஞாநி 49-ஓ விதியைப் பற்றித் தமிழில் எழுதி எழுதிப் பரப்பிய காலத்தில், சாவடிக்குள் போய் ‘யாருக்கும் போட விருப்பமில்லை’ என்று எல்லார் முன்னாலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அது ரகசியப் பொத்தானாக மாறியது. 2019-இல் லாத்தூர் ஊரகத் தொகுதியில் நோட்டா இரண்டாம் இடம் பிடித்தது. 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகி பாஜகவில் சேர்ந்தபோது இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் நோட்டாவை அழுத்தினார்கள். அந்தக் கோபம் எண்ணாக நிற்கிறது; வீட்டில் தூங்கியவர்களின் கோபம் நிற்கவில்லை. ஆனால் நோட்டா எத்தனை வாங்கினாலும் மக்களவையிலும் சட்டமன்றத்திலும் அடுத்து வந்தவரே உறுப்பினர். வாய்க்கர் 48 வாக்கில் வென்ற அதே தொகுதியில் நோட்டாவுக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் விழுந்தது. அந்தப் பதினைந்தாயிரம் பேரில் ஐம்பது பேருக்காவது இருவரில் ஒருவர் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியிருக்காதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஊர் கூடிப் புறக்கணிப்பது வேறு. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்த ஏகனாபுரம் மக்கள் 2024 ஏப்ரலில் வாக்களிக்க மறுத்தபோது, அதற்கு முன் எத்தனையோ இரவுகள் தெருவில் கூடியிருந்தார்கள். அதற்குப் பின்னும் கூடினார்கள். வாக்கு மறுப்பு அவர்களுடைய போராட்டத்தின் ஒரு நாள் மட்டுமே. அப்படிக் கூட எந்தக் கூட்டமும் இல்லாமல், தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்விட்டு, அதற்குப் புறக்கணிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டவன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் 66 சதவீதம் பதிவானபோது மும்பை ஐம்பதுகளில்தான் நின்றது. அதை மும்பைக்காரரின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். செம்பூரில் பழைய கட்டடங்கள் தெருவுக்குத் தெரு இடிந்துகொண்டிருக்கின்றன. ரீடெவலப்மென்ட் என்று வெளியேறியவர்கள் மூன்று வருடம், நாலு வருடம் குர்லாவிலும் வாஷியிலும் பன்வேலிலும் வாடகைக்கு இருக்கிறார்கள்; பெயர் இடித்த கட்டடத்தின் முகவரியிலேயே கிடக்கிறது. சாலைக்கும் குழாய்க்கும் வழிவிட்டு மாகுல் குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்டவர்கள் கதையும் அதுதான். சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றைச் சுவாசிக்கும் அந்த வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள், வாக்கு வேறெங்கோ இருக்கிறது. படிவம் 8 என்ற ஒரு தாளை நிரப்பினால் முகவரி மாறிவிடும். அந்தத் தாளைக் கட்டடம் கட்டடமாகக் கொண்டுபோய் நிரப்பிக்கொடுக்க, சபாக்களும் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் நிறைந்த செம்பூரில் ஆளா இல்லை? ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரிக்கும் சேடா நகர் முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்கும் வீடுதோறும் அழைப்பிதழ் கொடுக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.

மும்பை மாநகராட்சியின் கவுன்சிலர்கள் பதவிக்காலம் 2022 மார்ச் 7-இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நாலு வருடம் தேர்தலே நடக்கவில்லை. ஆணையரே நிர்வாகி. ஒரே ஆண்டில் 74 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பட்ஜெட் போடும் மாநகராட்சி, மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள்கூட இல்லாமல் ஓடியது. யாருக்கும் வாக்களிக்காவிட்டால் எப்படியிருக்கும் என்று கேட்பவருக்கு அந்த நாலு வருடமே பதில். கவுன்சிலர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் திட்டுவதற்கு ஆள் தேடி அலைந்தார்கள். வாஷி நாகாவில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் சுருங்கியபோது, நம் இட்லிக்காரர் ஒவ்வோர் அலுவலக வாசலாக நின்றார். அந்த வார்டு, இந்த வார்டு என்று அனுப்பினார்களாம். “முன்னாடின்னா கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிப்போம். இப்ப நிக்கதுக்கு ஒரு வாசல் இல்ல, அண்ணாச்சி” என்றார்.

2026 ஜனவரி 15 அன்று 227 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு. அதற்கு முன்தினம்வரை நாங்கள் நாலு பேர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் தேடிக்கொடுத்தோம். ஒரே பெயர் இரண்டு இடத்தில், இருக்கும் ஆளின் பெயர் இல்லாமல், இறந்தவர் பெயர் இருந்தபடி என்று பட்டியல் குழம்பிக் கிடந்தது. அன்று விரலில் மார்க்கர் பேனாவால் வைத்த மை அழிகிறது என்ற புகாரும் எழுந்தது. நம்பிக்கை கெட எல்லாக் காரணமும் இருந்த நாள் அது. மாலை வரை நகரத்தில் பாதிக்குச் சற்று அதிகமானோர்தான் வந்தார்கள்.

மாமி காலையிலேயே வந்துவிட்டார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்தரைக்குச் சாவடி மூடும். ஐந்து மணிக்குச் சற்று முன்பு பள்ளிக்கூட வாசலில் ரப்பர் ஹார்ன் சத்தம். காலி டப்பாவோடு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இட்லிக்காரர் இறங்கினார். பெயர் முதல் அறையில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவது அறையில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அப்பா பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள். அட்டையைக் காட்டி உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, மை காயட்டும் என்று விரலை ஊதிக்கொண்டே நின்றார்.

“என்ன தம்பி, எந்த சேனா?” என்று கேட்டேன்.

“தண்ணி காலையில ரெண்டு மணி நேரம் வரணும்னு கேட்டிருக்கோம். ஜெயிச்சு வாறவன் வீட்டு வாசல் தெரிஞ்சா போதும், அண்ணாச்சி” என்றார். மாவு அரைக்க நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறிப் போனார்.